எங்கள் வீட்டு ஆள்

மருத்துவமனை வராந்தாவில் பினாயில் வாடை அடித்ததும், மேனாம்பேட்டில் நாங்கள் குடியிருந்த வீட்டின் முன்னறை நினைவுக்கு வந்தது.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பா, மாதா கோயில் வாசலில் கால் அழுகிக் கிடந்த முதியவரை ரிக்‌ஷாவில் கூட்டிவந்து முன்னறையில் படுக்கவைத்தார். முதியவருக்குப் பேச்சு வராது.

“புள்ளைங்க கீற ஊடுங்க இது” என்றாள் அம்மா.

“உசுரோட கீறாரு. தெருவுல எப்டி வுட்டுட்டு வர்றது?” என்றார் அப்பா.

அம்மா வெந்நீர் வைத்தாள். அப்பா தினமும் புண்ணைக் கழுவினார். அம்மா தரையைப் பினாயிலால் துடைத்துவிட்டு அவருக்குக் கஞ்சி ஊட்டினாள். நானும் தங்கையும் மூக்கைப் பொத்திக்கொண்டு பள்ளிக்கு ஓடுவோம். ஒன்பதாம் நாள் அவர் இறந்துபோனார்.

கல்லறைத் தோட்டத்தில் பதிவேட்டை விரித்த கோயில் உபதேசியார், இறந்தவரின் பெயரும் உறவும் கேட்டார். அப்பா அம்மாவைப் பார்த்தார்.

“அந்தோணின்னு எழுதிக்கோங்க” என்றாள் அம்மா. “எங்க ஊட்டு ஆளுதான்.”