கப்பல் சேதிக்கு மறுநாள் வந்த வெள்ளைச் சேலை

இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டி, கோவில்பட்டியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

என் மாமனார் சரக்குக் கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலைக்குப் போனவர். உலகப் போர் சமயம். கப்பல் திரும்பவே இல்லை. என் கணவர் அப்போது வயிற்றில் இருந்தார். உடலும் வரவில்லை, தந்தியும் வரவில்லை. அதனால் என் மாமியார் தாலியைக் கழற்றவில்லை. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் வேலைக்குப் போய்ப் பிள்ளையை ஆளாக்கினார். "யாருக்காக இந்தப் பொட்டு?" என்று ஜாடை பேசிய சொந்தக்காரர்கள் ஒரு படி கம்புகூடக் கொடுத்ததில்லை.

வங்காள விரிகுடாவில் குண்டுபட்டு மூழ்கிக் கிடந்த ஒரு கப்பலை ஆழ்கடலில் இறங்கித் தேடிய குழு கண்டுபிடித்ததாகப் பேப்பரில் வந்தது. எந்தக் கப்பல் என்றே முதலில் தெரியவில்லையாம். கப்பலின் மணியில் படிந்திருந்த பாசியைச் சுரண்டியதும் பெயர் தெரிந்ததாம். அத்தை தினமும் சொல்லிக்கொண்டிருந்த அதே பெயர். என் கணவர் விசாரித்து போன் போட்டதும், கடலில் இறங்கியவர்களில் ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். போட்டோக்களைக் காட்டினார்.

அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அவியள மேல எடுத்துட்டு வந்தியளாய்யா?"

"இல்லம்மா. அது அவங்க சமாதி. மணியைக்கூட அங்கேயே விட்டுட்டு வந்தோம்" என்றார் அவர். அத்தை அழுது முடித்து, தன் கையாலேயே அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலையில், சேதி கேட்டு, குளத்தூரிலிருந்து என் கணவரின் சித்தப்பா மகன் வேனில் ஆள் சேர்த்துக்கொண்டு வந்து இறங்கினார். கையில் வெள்ளைச் சேலை.

"செத்தது உறுதியாயிட்டுல்லா பெரியம்மை. தாலிய அறுத்து முறைய முடிச்சிருவோம். ஊரு என்ன சொல்லும்?"

எழுபதைத் தாண்டிய மனுஷியின் வளையலை உடைக்கப் பெண்கள் தயாராக வந்திருந்தார்கள். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள், காலைச் சாப்பாடு ஆகிவிட்டதா என்று வேறு என்னிடம் விசாரித்தார்கள். சேலையைப் பிடுங்கித் தெருவில் எறியப் போனேன். அத்தை என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, அவர்களிடம் சொன்னார்:

"எங்க இருக்காவன்னு தெரியாமயே இத்தன வருசம் கழட்டல. இப்ப இருக்க எடம் தெரிஞ்சு போச்சு. இப்பமா கழட்டுவேன்? போய்ட்டு வாங்க."

திட்டிக்கொண்டே வேன் ஏறினார்கள். அத்தை கடைசிவரை பொட்டும் தாலியுமாகத்தான் இருந்தார்.

முன்பின் தெரியாத அந்த மனிதர் அவ்வளவு ஆழம் போயும் எதையும் கலைக்காமல் வந்தார். சொந்தம் என்று வந்தவர்களோ நேராகக் கழுத்துக்குத்தான் கையை நீட்டினார்கள் என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.