உறவு என்ற கட்டம்

நெஞ்சில் அம்மிக்கல்லை வைத்தமாதிரி வலிக்கிறது என்று சொன்னதற்கு, திருப்பத்தூர் டாக்டர் இதயத்துக்கு சி.டி. ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். ரத்தக்குழாயையும் பார்க்கலாம், வால்வையும் அளந்துவிடலாம் என்றார். மலையிலிருந்து காலை வண்டியில் தனியாகத்தான் இறங்கிப் போனேன்.

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் நர்ஸம்மா படிவத்தோடு வந்தாள்.

"கூட யாரு வந்திருக்காங்க?"

"யாரும் இல்லம்மா."

"வூட்ல இருக்கறவங்க நம்பராவது சொல்லுங்க. ஊசியில மருந்து ஏத்துவோம். ஒண்ணுன்னா கூப்பிட ஆள் வேணாமா? நம்பர் இல்லாம படுக்க வெக்க மாட்டாங்க."

வீட்டில் இருப்பது பூட்டு ஒன்றுதான். மனைவி போய் மூன்று வருஷம், பிள்ளை இல்லை. போனைத் தள்ளிப் பார்த்தேன். உரக்கடை, கேஸ்காரர், ரீசார்ஜ் கடை. கடைசியில் எங்கள் மலை பஸ் கண்டக்டரின் நம்பரைச் சொன்னேன். புளி மூட்டை ஏற்றிவிடும் நாளில் பேசுவதற்காக வாங்கி வைத்தது. உறவு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டாள்.

"தம்பி" என்றேன்.

பொய் சொன்னது வாய், மாட்டிக்கொண்டது நெஞ்சு. விரலில் மாட்டிய கருவியில் துடிப்பு ஏறிக்கொண்டே போனது. துடிப்பு இறங்க மாத்திரை கொடுத்து உட்கார வைத்தார்கள்.

"நெஞ்சு இப்படி அடிச்சா படம் கலங்கிடும்ங்க. அப்புறம் வால்வை எப்படி அளக்கறது?" என்றாள். ஒரு மணி நேரமாகியும் துடிப்பு இறங்கவில்லை. "உங்க தம்பி ரெண்டு வார்த்தை பேசினா சரியாப் போய்டும்" என்று அந்த நம்பருக்கே போன் போட்டாள், ஸ்பீக்கரில். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

"உங்க அண்ணன் ஸ்கேனுக்கு வந்திருக்காருங்க."

பஸ் இரைச்சல். "எந்த அண்ணன்?"

மலையில தனியா இருக்கற புளிக்காரருன்னு சொல்லும்மா என்று முணுமுணுத்தேன்.

"மலையில தனியா இருக்காரே, பஸ்ல புளி மூட்டை போடறவரு. அவர்தான் உங்க நம்பர் குடுத்தாரு."

யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுக்கும் சத்தம் கேட்டது.

"ஓ, எங்க அண்ணனா! இன்னாங்க ஆச்சு? பயப்படாம இருக்கச் சொல்லுங்க. சாயங்கால வண்டியில ஜன்னல் சீட்டுல துண்டு போட்டு வெக்கறேன்."

அதற்கப்புறம் துடிப்பு இறங்கியது. மாத்திரை வேலை செய்தது என்றாள் நர்ஸம்மா. இருக்கலாம். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் வெந்நீர் ஓடியது. மூச்சை இழுத்துப் பிடித்தேன்.

ஸ்கேன் டாக்டர் கம்ப்யூட்டரில் வால்வின் வாயைச் சுற்றி ஒரு கோடு இழுத்துக் காட்டினார். "குழாயில அடைப்பு இல்லைங்க. வால்வுதான் இறுகிட்டு வருது. ஆறு மாசம் கழிச்சு மறுபடி அளக்கணும். தம்பியையும் கூட்டிட்டு வாங்க."

வண்டியில் சொன்னபடியே துண்டு கிடந்தது.

"இன்னா அண்ணே, கேக்காமலே சொந்தமாக்கிட்ட? சொத்துல பங்கு உண்டா?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது.

"ஒரு பூட்டு இருக்குது, எடுத்துக்க."

ஆறு மாதம் கழித்துக் கூட வருவாயா என்று மட்டும் கேட்க வாய் வரவில்லை.

என் நிறுத்தத்தில் இறங்கினேன். விசில் கேட்டது, வண்டி வளைவில் மறைந்தது. கதவைத் திறந்தேன். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்க ஆளில்லை. சட்டையைக் கழற்றும்போதுதான் பார்த்தேன், கண்டக்டரின் துண்டு என் தோளோடு வந்துவிட்டது. காலை வண்டிக்குப் போய்க் கொடுக்க வேண்டும். அப்போது கேட்டுவிடலாம்.