சொல்லை எடுத்துக் கொடுக்காத டீச்சர்

மலேசியாவில் ஜி.எஸ்.டி. வந்து, தேத்தண்ணிக்குமா வரி என்று எங்கள் பண்டமாரான் கடைகளில் எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டிருந்த வருஷம். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலையை நான் விட்டதும் அந்த வருஷம்தான். அப்போதுதான் தவமலர் டீச்சரின் வகுப்பில் சேர்ந்தேன். போன செவ்வாய்க்கிழமை காலை, கூடப் படித்த அஞ்சலை போன் செய்து, “அண்ணே, நம்ம டீச்சர் போயிட்டாங்க” என்றாள். எங்கே போனார் என்று கேட்டேன். அவள் அழுத பிறகுதான் புரிந்தது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள். இதைப் படிக்கும் உங்களில் பலர் டீச்சரிடம் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஓய்வு பெற்ற பிறகு, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கோயில் மண்டபத்தில், ஞாயிறுதோறும் எங்களைப் போன்ற கிழடுகளுக்கும் மலாய் சொல்லிக்கொடுத்தது உங்களுக்குத் தெரிந்திருக்காது. என்னைவிட ஏழு வயது சின்னவர். என்னை ஐயா என்றுதான் கூப்பிடுவார்.

வகுப்பில் நாங்கள் ஐந்து பேர். ஐந்து பேரிடமும் சிவப்பு அடையாள அட்டை. நான் பிறந்தது செமினி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். பிறந்ததற்குக் காகிதம் எடுத்து வைக்க அன்று யாருக்கும் தோன்றவில்லை. அதனால் குடியுரிமை கிடையாது, ஓட்டு கிடையாது. குடிமக்களுக்கான நீல அட்டை வேண்டுமென்றால் அதிகாரி முன்னால் உட்கார்ந்து மலாயில் பேசித் தேற வேண்டும். என் மனைவி சிவப்பு அட்டையோடுதான் செத்தாள். நான் அப்படிப் போகக்கூடாது என்று இருந்தேன்.

டீச்சர் முதலில் முப்பது கேள்விகளும் முப்பது பதில்களும் கொண்ட ஒரு தாள் தயாரித்தார். வரிசை மாறாமல் கேட்பார், நாங்கள் சொல்லுவோம். மற்றவர்கள் திணறினார்கள். எனக்கு மூன்றே வாரத்தில் முப்பதும் மனப்பாடம். “இப்பிடி ஒரு ஞாபகம் நான் பள்ளிக்கூடத்திலயும் பாக்கேல்லை” என்றார். அவர் யாழ்ப்பாணத் தமிழ் பேசுவார். “டீச்சர், மலாய் புரியுது, உங்க தமிழ்தான் புரியல லா” என்பாள் அஞ்சலை. டீச்சர் சிரிக்கமாட்டார். கொஞ்சம் கறாரானவர். நாங்கள் வாங்கிவரும் டீயையும் தொடமாட்டார். சர்க்கரை ஆகாது என்பார்.

நேர்முகத்துக்குப் போனேன். அதிகாரி நல்ல மனுஷன். பாக்சிக் என்று மரியாதையாகக் கூப்பிட்டு, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். கேள்வி எனக்குப் புரிந்தது. ஆனால் தாளில் முதல் பதில் என் பெயர். பெயரைச் சொன்னேன். எதில் வந்தீர்கள் என்றார். அப்பா பெயரைச் சொன்னேன். வெளியே மழையா என்றார். வீட்டு விலாசத்தை முழுசாகச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். முப்பத்தெட்டு வருஷம் மலாய்க்காரர்களோடு சண்டையும் சிரிப்புமாக வேலை செய்தவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் இதைச் சொன்னதும் அஞ்சலை விழுந்து விழுந்து சிரித்தாள். “ஏண்ணே, நாசி லெமாக் தின்னேன்னு சொல்ல வேண்டியதுதானே? காலையில உங்க பேரயா தின்னீங்க?”

டீச்சர் சிரிக்கவில்லை. மறுநாள் கம்முட்டர் ரயில் பிடித்துக் கிள்ளான் வந்து, அங்கிருந்து டாக்சியில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். நாற்காலியில் உட்காரும் முன்பே சொன்னார்: “ஐயா, பிழை உங்கட இல்லை, என்ர. உங்களுக்கு மலாய் தெரியும். நான் ஒருநாளும் உங்களைக் கதைக்க விட்டுப் பாக்கேல்லை.” முப்பது வருஷத்துக்கு மேல் படிப்பித்தவர், ஒரு கூலிக்காரன் வீட்டுக்கு வந்து அப்படிச் சொன்னார். அன்றைக்கு மருமகள் கொடுத்த டீயையும் குடித்தார். சர்க்கரை போட்ட டீ.

அதற்குப் பிறகு அந்தத் தாளை நான் பார்க்கவே இல்லை. என்ன கேட்பார் என்று சொல்ல முடியாது. மீன் விலை கேட்பார், மூட்டை தூக்கினால் எந்த இடம் முதலில் வலிக்கும் என்று கேட்பார். கேட்டுவிட்டு நிமிர்ந்து, மேலே சுற்றும் காத்தாடியைப் பார்த்துக்கொண்டிருப்பார். சொல் வராமல் நாம் தவித்தாலும் எடுத்துக் கொடுக்கமாட்டார்.

“அந்தக் காத்தாடியப் பாத்தது போதும் டீச்சர், ஒரு வார்த்தைய எடுத்துக் குடுங்களேன்” என்பாள் அஞ்சலை.

“நான் தந்தால் அது என்ர சொல். அங்க வந்து நானா இருக்கப் போறன்? தேடுங்கோ, நேரம் கிடக்கு.”

இரண்டாவது முறை ஓர் இளம்பெண் அதிகாரி. என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். கோதுமை மூட்டை கிழிந்து நானும் மேஸ்திரியும் வெள்ளை வெளேரென்று நின்ற கதையைச் சொன்னேன். அந்தப் பெண் சிரித்துவிட்டது. கொரோனா சமயத்தில் நீல அட்டை வந்தது. டீச்சரிடம் காட்டினேன். படத்தில் ஏன் இப்படி முறைக்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார். படம் பிடித்தவன் சிரிக்க விடவில்லை என்று நானும் மலாயிலேயே சொன்னேன். அடுத்த தேர்தலில் ஓட்டுப் போட்டேன்.

அஞ்சலைக்கு அப்படி அமையவில்லை. சீனர் வீடுகளில் துணி துவைத்துப் பிழைத்தவள். மலாய் காதில் ஏறும், வாயில் வராது. அதிகாரி அவள் பெயரைக் கேட்டதற்கே அழுதுவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. டீச்சர் வற்புறுத்தவில்லை. ஆனால் வருஷம் பிறந்தால் போன் செய்து, “இந்த வருஷம் போவமா?” என்று கேட்பார். “அடுத்த வருஷம் டீச்சர்” என்பாள். இந்த வருஷமும் கேட்டிருக்கிறார்.

சாவு வீட்டில் டீச்சரின் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா அஞ்சலையிடம் வந்து, நீங்கள் உறவா என்று கேட்டார். இல்லை, டீச்சரிடம் படித்தவள் என்றாள் அஞ்சலை, மலாயில். இந்த வயதிலா என்றார் அந்த அம்மா. அஞ்சலை சொல்ல ஆரம்பித்தாள். மண்டபத்தைச் சொன்னாள், என் நாசி லெமாக் கதையைச் சொன்னாள். நடுவில் பொறுமை என்பதற்கு மலாய்ச் சொல் வராமல் நின்று என் முகத்தைப் பார்த்தாள். எனக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நான் சொல்லவில்லை, வேறு பக்கம் பார்த்தேன். கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்த அம்மாவும் காத்திருந்தார். அஞ்சலையே கண்டுபிடித்துச் சொன்னாள்.

டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பேசாமல் இருந்த நேரம்தான். வேறு எதுவும் என்னிடம் இல்லை.

திரும்பி வரும்போது ரயில் நிலையத்தில், “அண்ணே, அந்த ஃபாரம் எங்க வாங்கணும்?” என்று கேட்டாள். வரும் திங்கட்கிழமை கூடப் போகிறேன், அந்த ஆபீஸ் வாசல்வரைக்கும். எங்களோடு படித்தவர்களில், லோரி ஓட்டிய முனியாண்டி நீல அட்டையைப் பார்க்காமலே போனான். காத்தானும் அவன் மனைவியும் கொரோனாவில் ஒரே மாதத்தில் போனார்கள். அந்த வகுப்பில் என்னை விட்டால் இன்றைக்கு இருப்பது சாலாக் செலாத்தானில் மகள் வீட்டில் இருக்கும் அஞ்சலை மட்டும்தான்.