நாலு விரல் இடைவெளி

அடைக்கலம் கடைசியாக ஓட்டியது அந்த அமெரிக்கக் காரைத்தான். மன்னார்புரத்தில் அதற்குப் பெயரே 'கப்பல்'. அதற்கு முன்பு லாரி, காலேஜ் பஸ், ஆம்புலன்ஸ். இத்தனை வருஷத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று மனைவி அல்போன்சா ஊரெல்லாம் சொல்லுவாள். அவர் சொல்ல மாட்டார்; சொன்னால் மறுநாளே அடிபட்டுவிடும் என்று பயம்.

கார், துவாக்குடியில் பட்டறை வைத்திருக்கும் ராஜ்மோகனுடையது. எந்தக் காலத்திலோ ஒரு ஜமீன் குடும்பம் தன் இஷ்டப்படி சொல்லிச் சொல்லி மேல்கூடு கட்டவைத்த வண்டி. முன்னால் டிரைவருக்குத் தனி இடம், பின்னால் குட்டி அறை ஒன்று, இரண்டுக்கும் நடுவே கனத்த கண்ணாடித் தடுப்பு. துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி, தன் ஆட்களை வைத்தே பழைய மினுக்குக்குக் கொண்டுவந்தார் ராஜ்மோகன். உளுத்துப்போன மரத்தளத்துக்குப் பதில் தகடு அடித்து, மேலே சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். பிறகு கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டார்.

ஒருநாள் என்ஜினை ஓடவிட்டபடி பின்பக்கத்தைத் துடைத்துவிட்டு இறங்கிய அடைக்கலத்துக்குத் தலை சுற்றியது.

"சார், தளத்துல எங்கயோ இடுக்கு இருக்கு. சைலன்சர் புகை உள்ள வருதுங்க."

"பின்னாடி ஏண்ணே ஏறுனீங்க? நீங்களா மாப்பிள்ளை?" ராஜ்மோகன் சிரித்தார். "சீசன் முடியட்டும், கழட்டிப் பாத்துருவோம்."

அடைக்கலம் எதையும் இரண்டாம் முறை கேட்கிற ஆளில்லை. தானாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். யார் ஏறினாலும் பின் ஜன்னல்களை நாலு விரல் இறக்கியே வைப்பார். போட்டோக்காரர்கள் முணுமுணுத்தால், "புது ரப்பருங்க, ஏத்துனா சிக்கிக்கும்" என்று சமாளிப்பார். கோடையில் ராஜ்மோகன் ஏசி வைத்தபோதும் அந்த இடைவெளி அப்படியே இருந்தது.

வைகாசி முகூர்த்தம் ஒன்றுக்கு ஸ்ரீரங்கத்தில் மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோயிலிலிருந்து கல்யாண மண்டபம் வரை, அம்மா மண்டபம் சாலையோடு ஊர்வலம். மாப்பிள்ளை பிரவீன்ராஜோடு வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் பின்னால் ஏறிக்கொண்டார்கள். பேண்டுக்காரர்கள் குத்துப்பாட்டுக்கு மாறியதும் ஆட இறங்கி ஓடிவிட்டார்கள். பிரவீன்ராஜின் அக்கா மகள் நிஷா மட்டும், பட்டுப்பாவாடை அழுக்காகிவிடும் என்று, கீழே தாழ்வாக இருந்த மடக்கு சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

பத்தாயிரம் வாலா வெடித்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா ரெங்கநாதன் வந்து பானெட்டைத் தட்டினார்.

"கண்ணாடிய ஏத்துங்கண்ணே! வெடிப்புகை பூரா உள்ள போவுது."

"கொஞ்சம் தொறந்தே இருக்கட்டும்ங்க."

"ஏசி வண்டின்னுதான பேசுனோம்? உள்ள மாப்பிள்ளைக்கு மேக்கப்பே கரைஞ்சு ஓடுது. விட்டா பொண்ணு வீட்டுல வேற ஆளுன்னு திருப்பி அனுப்பிருவாங்க."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அடைக்கலத்துக்குக் காரணம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் ஊர்வலம் அங்கேயே நிற்கும், ராஜ்மோகன் தொலைந்தார். இறங்கிப்போய் இரண்டு பக்கமும் கைப்பிடியைச் சுற்றி ஏற்றினார். கூட்டம் கலைந்ததும் இறக்கிவிடலாம் என்று இருந்தார்.

கூட்டம் கலையவில்லை. வண்டி நகர்ந்ததைவிட நின்று உறுமியதுதான் அதிகம். தடுப்பு வழியாகச் சத்தம் வராது. தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தார். நிஷா ஜன்னலுக்கு வெளியே யாருக்கோ கையாட்டினாள். பிறகு ஆட்டவில்லை. மாப்பிள்ளையின் தாடை மாலைக்குள் இறங்கியிருந்தது. அடைக்கலம் பிரேக்கை அழுத்தினார்.

"ஏண்ணே நிறுத்துறீங்க?" ரெங்கநாதன் உள்ளே எட்டிப் பார்த்தார். "அட, தாய்மாமனும் மருமகளும் போட்டி போட்டுத் தூங்குறாங்கப்பா!"

செல்போன்கள் உயர்ந்தன. ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள்.

"கதவைத் தொறந்து பாத்துரலாம்ங்க. உள்ள புகை..."

"ஆரத்தி எடுக்காம நடுரோட்டுல மாப்பிள்ளைய இறக்குவாங்களா? அந்தா, மண்டபம் தெரியுதே. எடுங்க வண்டிய!"

மேளச் சத்தத்தில் புகை என்ற சொல் அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அடைக்கலம் மறுபடி சொல்லவில்லை. வண்டியை எடுத்தார்.

மண்டப வாசலில் பெண்கள் தட்டில் சூடம் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே ஓடிப்போய்க் கதவை இழுத்துத் திறந்தார். பிரவீன்ராஜ் முழங்கால் மடங்கி வெளியே விழுந்து, கோலத்தின் மேலேயே வாந்தி எடுத்தான். நிஷா சாய்ந்த இடத்தில் சாய்ந்தபடி இருந்தாள். உதடுகள், யாரோ சாயம் பூசிவிட்டதுபோல் நல்ல சிவப்பாக இருந்தன. அள்ளித் தூக்கினார். தலை துவண்டு அவர் முழங்கைக்கு வெளியே தொங்கியது. ஆம்புலன்ஸ் ஓட்டிய காலத்தில் எத்தனையோ பேரைத் தூக்கிய கைகள் அவை, அவற்றுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும், "ஆஸ்பத்திரிக்கு யாராச்சும் வண்டி எடுங்க!" என்று கத்தினார். பேண்டு இன்னும் ஓயவில்லை.

நிஷாவின் அம்மா ஆரத்தித் தட்டைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

"தூங்கிட்டாளாண்ணே? குடுங்க இப்படி. அவளுக்குக் காரே ஒத்துக்காது, குமட்டும். அதான் ஜன்னல் பக்கமா உக்காருடின்னு சொல்லி ஏத்திவிட்டேன்."

அவள் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றாள். அடைக்கலம் கொடுக்கவில்லை.