வளையம் வைத்த குருசடி

எங்கள் ரயில்வே வரைபடப் பிரிவில் லியோனார்டுக்கு 'நாளைக்கு' என்று பட்டப்பெயர். எதை வரைந்தாலும் நாளைக்கு வேண்டும் என்று இடம் விட்டே வரைவான். அறுபத்து மூன்றில், எண்ணூர்ப் பக்கம் கிளைப்பாதை பிரியும் சந்திப்புக்குத் திட்டம் போட்டபோதும் அதேதான். ஆலைகள் வருமா, எத்தனை கூட்ஸ் ஓடும் என்று ஒருவருக்கும் தெரியாது. போட்டது ஒரே தண்டவாளம். இன்னொன்றுக்குப் பக்கத்தில் இடம் விட்டு, வாய்க்கால் பாலத்தையும் இரட்டைப் பாதைக்கே கட்ட வைத்தான்.

வண்டி வரவில்லை, வேலிக்காத்தான் முள்தான் வந்தது. "ஆடு மேய்க்கவா ஜங்ஷன் போட்டே?" என்று நாங்கள் ஓட்டினோம். "வரும்டா" என்பான். அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும்.

பிறகு அவன் மனைவியின் தம்பி லூர்து, மீன்பிடிக்கிறவன், அந்தக் காலி இடத்தில் குருசடி வைக்கக் கிளம்பினான். சிலுவை ஊன்றிவிட்டால் அப்புறம் யாரும் கை வைக்க மாட்டார்கள். தடுத்தால் மனைவி ஃப்ளோரன்ஸ் முகத்தில் விழிக்க முடியாது. விட்டால் இரண்டாவது தண்டவாளம் காகிதத்தோடு சரி. லியோனார்ட் நேரே லூர்துவிடம் போனான்.

"லைன் வந்தா நவுத்தணும். ஒத்துக்கினா பீடம் நானே செஞ்சி தரேன்" என்றான்.

லூர்து சிரித்தான். "உன் லைன் வந்தா நானே தோள்ல தூக்கினு போறேன், மாமு!"

ரயில்வே கழித்துப்போட்ட ஸ்லீப்பர் கட்டையில் லியோனார்ட் பீடம் செய்து, அதன்மேல் சிலுவையை நிறுத்தி, நான்கு மூலையிலும் இரும்பு வளையம் அடித்தான். அழகுக்கு என்றே எல்லோரும் நினைத்தோம்.

எழுபத்திரண்டில் கூட்ஸ் வண்டிகள் சிக்னலில் வரிசையாகக் காத்துக் கிடந்தன. இரண்டாவது லைனுக்கு உத்தரவு வந்தது. அதற்குள் குருசடியில் மெழுகுவர்த்தி அணையாத நாளில்லை. ஃப்ளோரன்ஸே வாரம் தவறாமல் போவாள்.

"இப்ப நவுத்துன்னா ஜனங்க வுடுமா, மாமு?" என்று லூர்து கையைப் பிசைந்தான்.

"நம்ம கோயில் சப்பரம் தூக்குற மூங்கில எடுத்துனு வா," என்றான் லியோனார்ட். " அந்த வளையத்துல பூருதா பாரு."

கச்சிதமாக நுழைந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் பேண்டு வாத்தியத்தோடு திருவிழாச் சப்பரம் மாதிரியே குருசடி கிளம்பியது. முன்மூங்கிலில் லூர்து தோள் கொடுத்தான். ஃப்ளோரன்ஸ் மெழுகுவர்த்தி ஏந்தி முன்னால் நடந்தாள். சண்டையில் முடியும் என்று பயந்திருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் இறக்கி வைத்ததும் லூர்து வேர்வையைத் துடைத்தான். "இனிமே வளையம் எதுக்கு, மாமு? அறுத்துடட்டுமா?"

"இருக்கட்டும்டா" என்றான் லியோனார்ட். "மூணாவது லைன் வந்தா?"