உயிர் தப்புகிறவள் வேடம்

சுவிட்சர்லாந்தின் துன் நகரில் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்யும் மதுஜாவுக்கு நடிப்பு ஆசை இருந்ததில்லை. கூடப் படித்த சயந்தன் தன் படத்தில் நடிக்கக் கேட்டான் என்றுதான் போனாள். முகமூடி போட்ட ஒருவன் இளைஞர்களை ஒவ்வொருவராக வெட்டிக்கொண்டே வர, கடைசியில் ஒருத்தி மட்டும் உயிர் தப்பும் திகில் படம். அந்த ஒருத்தி மதுஜா. முதலில் சாகிறவள் அவளுடைய தோழி மாயா.

ஏரிக்கு மேலே மலையில் ஒரு மரவீட்டை நான்கு நாள் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சீனிப்பாகில் சிவப்புச் சாயம் கலந்த இரத்தத்தை மாயாவின் கழுத்தில் ஊற்ற, குளவிகள் மொய்த்தன.

"என்னை ஏன் முதல்லயே கொல்லுறாய்?" என்று மாயா கேட்டாள்.

"நீ பியர் குடிக்கிறாய், பெடியனைக் கொஞ்சுறாய்," என்றான் சயந்தன். "இந்த மாதிரிப் படங்களில அப்பிடித்தான். அடக்கமான பிள்ளைதான் மிஞ்சும்."

மதுஜாவுக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை.

ஒரு ஞாயிறு பின்னேரம் பேர்ணில் மண்டபமொன்றில் படத்தைக் காட்டினார்கள். மாயாவின் கழுத்தில் கத்தி இறங்கியபோது பின்வரிசையில் யாரோ கைதட்டினார். பிறகு பலர் தட்டினார்கள். "அவளுக்கு வேணும்," என்றது ஒரு பெண்குரல். மதுஜா திரும்பிப் பார்த்தாள். மடியில் ரோல்ஸ் பலகாரத் தட்டோடு பரமேஸ்வரி அன்ரி இருந்தார். சிறுவயதில் இருவருக்கும் தமிழ் படிப்பித்தவர். பக்கத்தில் மாயா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த கிழமை மாயாவின் அம்மாவுக்கு மூன்று பேர் தொலைபேசி எடுத்து, பிள்ளையின் போக்கைக் கவனிக்கச் சொன்னார்கள். மதுஜாவின் வீட்டுக்கோ லுசேர்ணிலிருந்து இராஜசிங்கம் என்பவர் மகனின் சாதகத்தோடு வந்தார்.

"படத்தில பார்த்தனாங்கள். இப்பிடி ஒழுக்கமான பிள்ளை இந்த நாட்டில கிடைக்கிறது கஷ்டம்," என்றார், மிக்ஸரை மென்றபடி. அவருடைய பார்வை மதுஜாவின் தலையிலிருந்து கால்வரை போய் வந்தது. உடம்பில் ஏதோ ஒட்டிக்கொண்டதுபோல் அவளுக்கு இருந்தது.

"அங்கிள், மாயாவின்ர போத்தலில இருந்தது அப்பிள் ஜூஸ். கடைசி நாள் உண்மையா பியர் குடிச்சது நான். மாயாதான் கார் ஓடி என்னை வீட்ட கொண்டுவந்து விட்டவள்."

இராஜசிங்கம் சாதகத்தை உறைக்குள் திரும்பப் போட்டார். "வாறன்," என்று எழுந்து போய்விட்டார். அம்மா மதுஜாவோடு பத்து நாள் கதைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, இரண்டாம் பாகத்தின் கதையோடு சயந்தன் வந்தான். அதில் மதுஜா கலியாணமானவள். கொலைகாரன் கத்தியைப் பாய்ச்ச, தாலி குறுக்கே நின்று தடுக்கும். அந்தப் பக்கத்தை அவள் இருமுறை வாசித்தாள். வேலையில் எத்தனையோ பேரின் மலத்தையும் வாந்தியையும் துடைத்தவள். ஒன்றுக்கும் இப்படி ஓங்காளம் வந்ததில்லை.

"அண்டைக்குச் சனம் கைதட்டினதைக் கேட்டனியோ?"

"ஓம். அதாலதானே அடுத்தது எடுக்கிறம்."

"அது மாயா சாகேக்க தட்டினது."

"படந்தானே மதுஜா," என்றான் அவன்.

தாள்களை அவன் கையில் கொடுத்து, கதவைத் திறந்துவிட்டாள்.

வேறொரு பெண்ணை வைத்துப் படத்தை எடுத்து முடித்தார்கள். மதுஜா பார்க்கப் போகவில்லை. மாயா இப்போது கோயிலுக்கும் போவதில்லை. தாய் கேட்டால், வேலை என்கிறாள்.