கதவில் ஒரு வட்டம்

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கின்றன. பழவேற்காடு போகிற நான் டீக்கடையில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு லாரி பக்கத்தில் நிற்கிறது. கதவெல்லாம் சாக்பீஸ் எண்கள். ஐந்துகளைச் சுற்றி ஒரு கட்டம், ஆறுகளைச் சுற்றி இரண்டு. கடைசியில் ஒரு மூன்று, வட்டத்துக்குள்.

“இது என்ன கணக்குண்ணே?”

“கோல்ஃபு சார்,” என்கிறார் டிரைவர், டீயை ஊதிக்கொண்டே. “முன்ன கிரவுண்டுல ஆடறவங்களுக்குப் பை தூக்கினு இருந்தேன். ஒரு குழிக்கு நாலு அடின்னு வச்சா அதுக்குப் பேரு ‘பார்’. ஒண்ணு கம்மின்னா பேர்டி, வட்டம். ஒண்ணு ஏறுனா போகி, கட்டம். ரெண்டு ஏறுனா ரெட்டைக் கட்டம். இங்க ஹார்பர் கேட்டாண்ட போய்ச் சேர நாலு மணி நேரம், அதான் ‘பார்’. கம்மியா எடுத்தவன் கெலிச்சான்.”

“யாரோட போட்டி?”

“என்னோடதான்.”

புல் முளைக்காத இந்தக் கரித்தூசிச் சாலையைப் பிரமித்துப் பார்க்கிறேன். “இன்னைக்கு மூணு. பெரிய விஷயம்ணே.”

அவர் எழுந்து போய், மூன்றையும் வட்டத்தையும் கட்டைவிரலால் அழித்து நான்கு என்று எழுதுகிறார்.

“முன்னாடி வண்டிக்காரன் தூங்கினு இருந்தான். சைடுல பூந்துட்டேன். அதுக்கு ஒண்ணு அபராதம்.”

“யாருக்குண்ணே தெரியப்போகுது?”

“எவனும் பாக்கலேன்னாலும் ஆடறவனே சொல்லணும் சார். அங்க அப்டித்தான்.”

லாரி கிளம்புகிறது. அந்தக் கதவில் வேறு வட்டம் உண்டா என்று தேடுகிறேன். ஒன்றுகூட இல்லை.